இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை எங்க முடியுது, அடுத்தது எங்க ஆரம்பிக்குது?

மதுரக்காரன்:
படிச்சா எல்லாம் தெரிஞ்ச வார்த்தைதான், ஆனா அமெரிக்கா கால் வந்தா பாதி புரியல. நேத்து ஒருத்தர் "செகிடவுட்"னாரு, நான் ஏதோ புது சாப்ட்வேர் பேருன்னு நோட்ல எழுதி வெச்சுட்டேன், அப்புறம் மெயில்ல பாத்தா "செக் இட் அவுட்". வேகமா பேசறாங்களா, முழுங்கறாங்களா?

புளியமரம்:
ரெண்டும் இல்ல ப்ரோ, புணர்ச்சி. சிரிக்காதீங்க, ஸ்கூல்ல படிச்ச அதே தமிழ் இலக்கணம்தான். "உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே"ன்னு நன்னூல்ல வரும்ல, அதேதான் இங்கயும், கடைசி மெய் அடுத்த வார்த்தையோட உயிர் மேல தாவிடும், செ-கி-டவுட். உயிரும் உயிரும் வந்தா நடுவுல ய், வ் வந்து ஒட்டற உடம்படுமெய்கூட இருக்கு: "ஐ ஆம்" ஐயாம், "கோ அவுட்" கோவவுட். மணி அடிச்சான் மணியடிச்சான் ஆகற மாதிரி.

ஒரே வித்தியாசம், நமக்கு தனிக்குறிலுக்கு அப்புறம் மெய் இரட்டிக்கும், கல்+எறி கல்லெறி. அந்தப் பழக்கத்துல "பிக் இட் அப்"ப நாம பிக்கிட்டப்புன்னு அழுத்தறோம், அவங்க அழுத்த மாட்டாங்க. கடைசில நாம போடற அந்த "உ"வும் அவங்ககிட்ட கிடையாது.

வாத்தியாரம்மா:
தம்பி சொல்றது சரி, ஆனா ஸ்பெல்லிங்க பாத்து ஒட்டாதீங்க, சத்தத்த பாருங்க. "யூஸ் இட்"ல யூஸ் (use) எழுத்துல e-ங்கற உயிர்லதான் முடியுது, வாயில யூ-ஸிட். லண்டன் பக்கம் இன்னும் கூத்து, "ஃபார்"னு தனியா சொன்னா ர் கேக்காது, "ஃபார் அவே"ன்னா வந்துடும். "லா அண்ட் ஆர்டர்"ல இல்லாத ர்கூட நிறைய பேர் வாயில வரும், லாரன்டார்டர்!

புளியமரம்:
இந்த ஒட்டல்ல வார்த்தையே மாறியிருக்கு மேடம். ஏப்ரன் முன்னாடி நேப்ரன், "எ நேப்ரன்"ன கேட்டவங்க "அன் ஏப்ரன்"னு பிரிச்சுட்டாங்க. அம்பயரும் இப்படி ந் தொலைச்ச கேஸ்தான். நிக்நேம் தலைகீழ், "அன் ஈக்நேம்"ல இருந்த ந் இந்தப் பக்கம் வந்துடுச்சு.

மதுரக்காரன்:
அப்ப கால் ஆரம்பிக்கறப்ப "ஜீட்?"னு கேட்டாரே ஒருத்தர்?

வாத்தியாரம்மா:
டிட் யூ ஈட். சாப்டியான்னு கேட்டிருக்காரு. என்னப்பா சொன்ன?

மதுரக்காரன்:
"யெஸ், ஷேரிங் மை ஸ்க்ரீன்"னேன் மேடம்.