சேலத்தில் கல்யாண வேலை எடுத்துச் செய்கிறேன், பார்த்ததைச் சொல்கிறேன்

வெட்டிங் பிளானர் தொழில் சேலத்தில் எடுபடுமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். எடுபடும். ஆனால் மேடை அலங்காரப் படங்களை மட்டும் காட்டி நம்மூர் வீடுகளில் சம்மதம் வாங்க முடியாது. நான் போன வீடுகளில் எல்லாம் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "எங்க பெரிய மாமா இருக்காருங்களே, எல்லாத்தையும் அவரே பாத்துக்குவாரு, அப்புறம் நீங்க எதுக்குங்க?"

அந்த மாமாவைத் தாண்டிப் போய் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது, அவரோடு உட்கார்ந்துதான் செய்ய வேண்டும்.

அம்மாபேட்டைப் பக்கம் ஒரு கல்யாணம். பெண்ணின் பெரியப்பாதான் அந்தக் குடும்பத்தில் வழக்கமாக எல்லா விசேஷத்தையும் முன்னால் நின்று நடத்துகிறவர். நான் போனபோது முகம் கொடுத்தே பேசவில்லை, கையில் நீளமான கணக்கு நோட்டு ஒன்று வைத்திருந்தார். அதைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டேன். யார் வீட்டுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைக்க வேண்டும், எந்த அத்தைக்கு முதலில் தாம்பூலம், யார் யார் சீர் கொண்டு வருவார்கள், எந்த இரண்டு பேரை ஒரே பந்தியில் உட்கார வைக்கக் கூடாது, எல்லாம் அதில் இருந்தது. இது எந்தப் பயிற்சியிலும் கிடைக்காத விஷயம். "பெரியப்பா, மரியாதை முறையெல்லாம் நீங்க பாருங்க. சமையல், பூ, வண்டி, லைட்டு, தண்ணி கேன், ரூம் சாவி இதெல்லாம் நான் பாத்துக்கறேன், அப்பப்ப உங்ககிட்ட வந்து சொல்லிடறேன்" என்றேன். சரி என்றார். ரிசப்ஷன் அன்று அவர் முதல் பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார், இப்படிச் சாப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு என்று சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதன் பிறகு வந்த வேலைகளில் பாதி அவர் வாய்ச்சொல்லால் வந்தவை.

இன்னொன்று, எல்லார் வீட்டுக் கல்யாணமும் ஒன்று கிடையாது. கவுண்டர் வீடுகளில் சடங்கு நடத்துகிற மூத்தவரான அருமைக்காரர் வந்து சீர் என்கிற சடங்குகளை நடத்துவார், சௌராஷ்டிரர் வீட்டு முறை வேறு. சடங்கை நடத்துகிறவரிடம் முன்கூட்டியே போய்ப் பொருள் பட்டியல் கேட்டு எழுதி வந்துவிடுங்கள். முகூர்த்தம் பெரும்பாலும் விடியற்காலையில்தான், அந்த நேரத்தில் அரப்பும் வெற்றிலையும் தேடி யாரும் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதிக்கு ஓட முடியாது.

இப்போது ஏற்காடு. காபி எஸ்டேட் புல்வெளியில் ரிசப்ஷன் வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக வேண்டும். வயதானவர்களுக்குத் தலை சுற்றும், அதனால் பெரிய பஸ்ஸை விட சின்ன வேன்கள் நல்லது, வழியில் நிறுத்தி நிறுத்திப் போகலாம். வைகாசிக் கல்யாணம் என்றால் கோடை விழாக் கூட்டத்தோடு மோதும், ரூமும் கிடைக்காது, மலைப்பாதையும் நெரிசல். ஐப்பசி, கார்த்திகையில் மழை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அந்தப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது, அதுவும் கார்த்திகை மாதம்தான். அதனால் மழை மாதத்தில் மலைக் கல்யாணம் பேசும்போதே, மழை வந்தால் கீழே சேலத்தில் எங்கே வைப்பது, இன்னொரு மலைப்பாதையான குப்பனூர் வழியாக யாரை அனுப்புவது என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் முன்பணம் வாங்குகிறேன். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதையும் அப்போதே மாப்பிள்ளையின் நண்பர்களுக்குச் சொல்லிவிடுவேன்.

ஒரு தடவை மதியத்துக்குள் வருவதாகச் சொன்ன அலங்கார லாரி சாயங்காலம் வரை அடிவாரத்திலேயே நின்றது, டிரைவர் மலைப்பாதைக்குப் புதுசு, ஏற்ற பயப்பட்டார். எஸ்டேட் ஆட்களே சில்வர் ஓக் கிளையும் வாழை மரமும் வெட்டி வந்து வாசலைக் கட்டினார்கள். பெண் வீட்டார் அதைத்தான் இன்றைக்கும் பேசுகிறார்கள். அன்றிலிருந்து மலை ஓட்டிப் பழகிய டிரைவரா என்று கேட்காமல் எந்த வண்டியும் பேசுவதில்லை.

பணம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் இருக்காது, வீட்டு வாடகை மட்டும் இருக்கும். தையிலும் ஆவணியிலும் வருகிற பணத்தை அந்த மாதங்களுக்கு ஒதுக்காதவர்கள் ஒரே வருஷத்தில் விட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது ஜிஎஸ்டி. சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டினால் பதிவு கட்டாயம். சமையல், மண்டபம், நகைப் பணம் எல்லாம் உங்கள் கணக்கு வழியாக ஓடினால் ஒன்றிரண்டு கல்யாணத்திலேயே அந்த எல்லை வந்துவிடும், உங்கள் கையில் நிற்பதோ அதில் ஒரு சின்னப் பங்கு. அதனால் சமையல்காரருக்கும் மண்டபத்துக்கும் குடும்பமே நேரடியாகக் கொடுக்கட்டும், உங்கள் கூலியை மட்டும் நீங்கள் ரசீது போட்டு வாங்குங்கள். கமிஷனுக்கு ஆசைப்படாதீர்கள். பூக்காரரிடம் ஒளிந்து வாங்கிய கமிஷன் எப்படியும் அந்தப் பெரிய மாமா காதுக்குப் போகும், வ.உ.சி. பூ மார்க்கெட்டில் அவருக்கும் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

சாப்பாட்டில் ஒரு யோசனை: ரிசப்ஷனில் தட்டுவடை செட் போட ஓர் ஆளை நிறுத்துங்கள், இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்கறியும் சட்னியும் வைத்துத் தருகிற நம்ம சேலத்துத் தின்பண்டம். வெளியூர் மாப்பிள்ளை வீட்டார் ஐஸ்கிரீமை விட்டுவிட்டு அங்கேதான் நிற்பார்கள். மேசை மேல் பிளாஸ்டிக் தாள் வேண்டாம், 2019 முதல் தமிழ்நாட்டில் தடை.

கடைசியாகத் திருமணப் பதிவு. தமிழ்நாட்டின் 2009 திருமணப் பதிவுச் சட்டப்படி கல்யாணம் ஆன 90 நாளுக்குள் பதிய வேண்டும், அதற்கு மேல் 60 நாள் வரை கூடுதல் கட்டணம் கட்டிப் பதியலாம். பத்திரிகை, வயதுச் சான்று, முகவரிச் சான்று எல்லாவற்றையும் கல்யாணத்துக்கு முந்தைய வாரமே வாங்கி ஒரு கவரில் போட்டுப் பெண்ணின் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். இதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.