வட்டக் கணக்கு எல்லாவற்றிலும் இருசமபக்க முக்கோணம் ஏன் வந்து நிற்கிறது?

ஒன்பதாம் வகுப்பு அம்மா:
மகளுக்கு வட்டம் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து நானே மாட்டிக்கொண்டேன். மையம் ஓ, ஏபி ஒரு நாண், கோணம் ஓஏபி 35°, பெரிய வில்லின் மேல் சி என்று ஒரு புள்ளி, கோணம் ஏசிபி எவ்வளவு? முக்கோணம் ஏபிசியையே அரைமணி நேரம் முறைத்துப் பார்த்தோம், ஒன்றும் நகரவில்லை. விடைக் குறிப்பில் முதல் வரியே "ஓஏ = ஓபி, எனவே இருசமபக்க முக்கோணம்". அடுத்த கணக்கும் அதே. இரண்டு பக்கம் சமம் என்பதில் அப்படி என்ன இருக்கிறது? இது தோன்றுவதற்கு அடையாளம் உண்டா, இல்லை மனப்பாடம்தானா?

பழைய டியூஷன் வாத்தியார்:
மனப்பாடம் வேண்டாம் மேடம். வட்டம் தருவது ஒரே ஒரு தகவல்தான், ஆரங்கள் எல்லாம் சமம். அது நீளம் பற்றியது, ஆனால் கேள்வி கேட்பது கோணத்தை. நீளத்தைக் கோணமாக மாற்றித் தருகிற சில்லறைக் கடை இருசமபக்க முக்கோணம். அதனால் பரிதியில் எந்தப் புள்ளியைப் பார்த்தாலும் மையத்தோடு இணைத்துவிடுங்கள். இரண்டு பக்கம் சமம் என்றால் அவற்றுக்கு எதிரே உள்ள கோணங்களும் சமம், அதனால் உங்கள் கணக்கில் ஓபிஏவும் 35°, மையக்கோணம் ஏஓபி 110°, பரிதியில் அதில் பாதி, 55°.

அந்த "பாதி" எங்கிருந்து வந்தது என்று மகள் கேட்டால் அதுவும் இதே முக்கோணம்தான். எளிய வடிவம் அரைவட்டம்: ஏபி விட்டம், சி பரிதியில், ஓசியை இணைத்தால் இரண்டு இருசமபக்க முக்கோணங்கள். சியில் உள்ள கோணம் இரண்டு துண்டாகிறது, ஒரு துண்டு ஏ கோணத்துக்குச் சமம், மற்றது பி கோணத்துக்கு. மூன்றும் சேர்ந்து 180° என்றால் சி மட்டும் அதில் சரிபாதி, 90°. இதை வெளிநாட்டுப் புத்தகங்கள் பலவற்றில் தேல்ஸ் தேற்றம் என்பார்கள், நம் பத்தாம் வகுப்பில் அந்தப் பெயரில் வருவது அடிப்படை விகிதசமத் தேற்றம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மட்டப்பலகை:
நான் கட்டட வேலை. ரசமட்டம் வருவதற்கு முன்னால் மட்டம் பார்க்க இருசமபக்க முக்கோணச் சட்டத்தைத்தான் வைத்திருந்தார்கள், எகிப்தில் 3,000 வருடத்துக்கு முந்தைய கல்லறையிலேயே ஒன்று கிடைத்திருக்கிறது. சமமான இரண்டு மரக் கால்கள், நடுவில் ஒரு குறுக்குச் சட்டம், உச்சியிலிருந்து தூக்குக்குண்டு. நூல் சட்டத்தின் நடுக்கோட்டில் விழுந்தால் தரை மட்டம். கால்கள் சரியாகச் சமம்தானா என்று சந்தேகம் வந்தால் அதே இடத்தில் திருப்பி வைத்துப் பார்ப்போம், நூல் அதே கோட்டில் விழவேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு அம்மா:
அடடா, இப்போது அடுத்த கணக்கை அவளே மையத்தை இணைத்துப் போட்டுவிட்டாள், நன்றி. ஆனால் இன்னொரு வருத்தம். அடிக்கோணங்கள் சமம் என்று நிறுவச் சொன்ன கேள்வியில், உச்சியிலிருந்து ஒரு கோடு போட்டு "இது செங்குத்து, கோணத்தையும் சமமாக வெட்டும்" என்று எழுதினாள், மதிப்பெண் போய்விட்டது. இரண்டும் உண்மைதானே?

கோணல்மானல்:
உண்மைதான், ஆனால் வரையும்போது ஒன்றைத்தான் சொல்லி வரையலாம், மற்றது நிறுவிய பிறகு வருவது. கோண இருசமவெட்டி என்று மட்டும் எழுதியிருந்தால் பக்கம்-கோணம்-பக்கம் வைத்து இரண்டு வரியில் முடிந்திருக்கும். (செங்குத்து என்று மட்டும் எழுதினாலும் முடியும், செங்கோணம்-கர்ணம்-பக்கம் வைத்து.)

எனக்குப் பிடித்தது கோடே போடாத வழி. பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் 'எலிமெண்ட்ஸ்' நூலில், முதல் புத்தகத்தில் இது 5ஆம் தேற்றம், அவர் கீழே கூடுதல் கோடுகள் இழுத்துச் சுற்றிவளைத்து நிறுவினார், "கழுதைப் பாலம்" என்று பெயர் வந்ததும் இதற்குத்தான். பின்னால் வந்த பாப்பஸ் வழியில் ஏபிசியையும் அதையே திருப்பிப் படித்த ஏசிபியையும் ஒப்பிட்டால் போதும்: ஏபி = ஏசி, ஏசி = ஏபி, இடையில் அதே கோணம், ஆக சர்வசமம், பி = சி. மட்டப்பலகை அண்ணன் சட்டத்தைத் திருப்பி வைக்கிறாரே, அதேதான்.

பழைய டியூஷன் வாத்தியார்:
மகளுக்கு லீவில் ஒன்று கொடுங்கள்: ஒரு முக்கோணத்தில் இரண்டு கோண இருசமவெட்டிகள் நீளத்தில் சமம் என்றால் அது இருசமபக்கம் என்று நிறுவ வேண்டும். சின்னதாகத் தெரியும், நம்பாதீர்கள். லேமஸ் என்ற கணித அறிஞர் 1840இல் இதைக் கேட்டு எழுதிய பிறகு ஸ்டைனர் என்ற இன்னொருவர் நிறுவினார், இன்றும் புதுப்புது வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒரு ஞாயிறு முழுக்கச் செலவழித்துவிட்டு, கடைசியில் புத்தகத்தைத் திறந்தவன்தான்.