டான்ஸ் மியூசிக் செய்பவருக்கு வீடியோ எப்படி அடையாளம் ஆகிறது?

இரவு_ஷிப்ட்:

வணக்கம். மூன்று வருடமாக ஹவுஸ் (ஒரே சீரான தாளத்தில் ஓடும் ஒருவகை டான்ஸ் மியூசிக்) டிராக்குகள் செய்து யூடியூபில் போட்டு வருகிறேன். பாடகர் கிடையாது, நடுவில் எங்காவது வெட்டி ஒட்டிய குரல் ஒன்றிரண்டு வார்த்தை வரும், அவ்வளவுதான். போன தீபாவளிக்கு முன்னால், சேர்த்து வைத்த பணத்தில் 40,000 ரூபாய் போட்டு ஒரு வீடியோ எடுத்தேன். நியான் விளக்கு, புகை, ஆடும் பெண், கடைசியில் டிரோன் ஷாட். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கமென்ட்டில் பாதிப் பேர் எந்த கேமரா, யார் எடுத்தது என்றுதான் கேட்கிறார்கள்.

சென்ற மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் டிஜே என் டிராக்கைப் போட்டார். பக்கத்தில் நின்ற பையன் தன் நண்பனிடம் "இது அந்த நியான் வீடியோ பாட்டுடா" என்றான். நான் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டிருக்கிறேன். பாட்டு தெரிகிறது, வீடியோ தெரிகிறது, செய்தவன் பெயர் மட்டும் போய்ச் சேரவில்லை. அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

பாடகர் இல்லாத, முகம் இல்லாத இந்த இசையில் பெரிய ஆட்கள் வீடியோவை வைத்துத் தங்களுக்கென்று ஓர் அடையாளத்தை எப்படி உண்டாக்கினார்கள்? பணம்தான் காரணமா, வேறு ஏதாவதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வினைல்_கிறுக்கு:

பணம் முதல் காரணம் இல்லை. ஃபேட்பாய் ஸ்லிம் என்ற பிரிட்டிஷ் டிஜேயின் "ப்ரெய்ஸ் யூ" வீடியோவுக்கு ஆன செலவு சுமார் 800 டாலர் என்றுதான் எப்போதும் சொல்வார்கள். இயக்குநர் ஸ்பைக் ஜோன்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சினிமா தியேட்டர் வாசலில், அனுமதி எதுவும் வாங்காமல், ஒரு டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு சில பேருடன் ஆடி எடுத்தது. ஏதோ ஊர்ச் சங்கத்து நடனக் குழு போல அவ்வளவு சுமாராக ஆடுவார்கள். நடுவில் தியேட்டர் ஊழியர் ஒருவர் வந்து பாட்டை நிறுத்துவார், அதையும் வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். 1999ல் எம்டிவி என்ற இசைச் சானலின் வீடியோ விருதுகளில் அதற்கு மூன்று விருது. 2001ல் "வெப்பன் ஆஃப் சாய்ஸ்" வந்தது, யாருமில்லாத ஓட்டல் லாபியில் நடிகர் கிறிஸ்டோபர் வாக்கன் கோட்டு சூட்டோடு தனியாக ஆடுவார், அதற்கு ஆறு விருது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஆடவே மாட்டார் என்று நாம் நினைக்கும் ஆள், ஆடக்கூடாத இடத்தில், வெட்கமில்லாமல் ஆடுகிறார். அந்த மனசுதான் ஃபேட்பாய் ஸ்லிம். அவர் முகத்தை எவ்வளவு நேரம் காட்டினார்கள் என்பது அங்கே கணக்கே இல்லை.

அடுத்து டாஃப்ட் பங்க், ரோபோ ஹெல்மெட்டால் முகத்தை மறைத்த பிரெஞ்சு இரட்டையர். அந்த ஹெல்மெட்டுக்கு முன்னால் என்ன செய்தார்கள் என்று பாருங்கள், உங்களுக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது. 1997ல் மிஷெல் கோன்ட்ரி இயக்கிய "அரவுண்ட் தி வேர்ல்ட்". இசைத்தட்டு போல ஒரு வட்ட மேடை, அதன் மேல் படிக்கட்டு. ஐந்து கூட்டமாக ஆட்கள். ரோபோக்கள்தான் அந்த இயந்திரக் குரல். மம்மிகள் டிரம் மெஷின். எலும்புக்கூடுகள் கிட்டார். நீச்சலுடைப் பெண்கள் கீபோர்டு. சின்னத் தலையும் பெரிய உடம்புமாக இருக்கும் விளையாட்டு வீரர்கள் பேஸ்லைன், அதாவது அடியில் ஓடும் கனத்த மெட்டு: பேஸ் மேலே ஏறினால் படியேறுவார்கள், இறங்கினால் படியிறங்குவார்கள். சத்தத்தை மூடிவிட்டுப் பார்த்தாலும் பேஸ்லைனை முணுமுணுக்கலாம், நான் செய்து பார்த்திருக்கிறேன். பாட்டில் இருப்பது மூன்றே சொல், அது திரும்பத் திரும்ப வருகிறது. அலுப்புத் தட்ட வேண்டிய அந்தத் திரும்பத் திரும்ப வருவதையே கண்ணால் பார்க்கிற மாதிரி செய்துவிட்டார்கள். இந்த இருவரும் யார், எப்படிப்பட்ட ஆட்கள் என்று அதற்கு மேல் யாரும் சொல்லத் தேவையில்லை.

ரோபோ வேடம் 2001ல் "டிஸ்கவரி" ஆல்பத்தோடு வந்தது. அந்த ஆல்பம் முழுவதையும் ஜப்பானியப் படக்கதை ஓவியர் லெய்ஜி மட்சுமோட்டோவின் மேற்பார்வையில் வசனமே இல்லாத அனிமே படமாக 2003ல் கொண்டுவந்தார்கள். வேற்றுக் கிரகத்து இசைக்குழுவைக் கடத்திவந்து, நீலத் தோலை மாற்றி, மனிதர்களாக்கி விற்கும் ஒரு மேனேஜரின் கதை. முகத்தை மறைத்தவர்கள் அப்படி ஒரு கதையைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 2021 பிப்ரவரி 22 அன்று பிரிந்தபோதும் அறிக்கை, பேட்டி எதுவும் கிடையாது. தங்கள் பழைய படத்திலிருந்து, பாலைவனத்தில் ஒரு ரோபோ வெடித்துச் சிதறும் காட்சியை எடுத்துப் போட்டார்கள், முடிந்தது. அன்று அதைப் பார்த்துவிட்டு நான் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சப்_வூஃபர்:

உங்கள் கல்யாண வீட்டுக் கதையைப் படித்ததும் ஸ்வீடன் டிஜே எரிக் பிரிட்ஸ்தான் ஞாபகம் வந்தார். 2004, "கால் ஆன் மீ". ஏரோபிக்ஸ் வகுப்பு வீடியோ, உலகமே பார்த்தது, பிரிட்டனில் முதலிடம். ஆனால் பார்த்தவர்களிடம் பாட்டைச் செய்தது யார் என்று கேட்டால் முழிப்பார்கள். வீடியோவுக்கும் அவருக்கும் ஒட்டே இல்லை. பிற்பாடு ஹாலோகிராம் (அந்தரத்தில் மிதப்பதுபோல் தெரியும் ஒளி உருவம்) வைத்து மேடை நிகழ்ச்சிகள் செய்தபோதுதான் அவர் பெயரைச் சொன்னதும் ஒரு காட்சி கண் முன் வர ஆரம்பித்தது. வீடியோ ஓடுவது வேறு, பெயர் நிற்பது வேறு.

நள்ளிரவு_டெசிபல்:

வினைல் சொல்வதெல்லாம் சரி, ஆனால் அது எம்டிவி காலம். ஒரு வீடியோவை நாள் முழுக்கப் போட்டுக் காட்ட ஒரு சானல் இருந்தது. இப்போது ஒரு நல்ல வீடியோ போதாது, ஒரே அடையாளம் பத்து வீடியோவில் வர வேண்டும்.

நார்வே டிஜே ஆலன் வாக்கரைப் பாருங்கள். 2014ல் "ஃபேட்" என்ற இன்ஸ்ட்ருமென்டல் நோகாப்பிரைட்சவுண்ட்ஸ் என்ற யூடியூப் சானல் வழியாக வந்தது. கேம் விளையாடி வீடியோ போடும் பையன்கள், பாட்டைச் செய்தவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு அதை இலவசமாகப் பயன்படுத்தலாம். அதாவது அவருடைய முதல் வீடியோக்களை எடுத்தது அடுத்தவர்கள், ஆயிரக்கணக்கில். 2015 டிசம்பரில் அதே மெட்டு குரலோடு "ஃபேடட்" ஆனபோது காது ஏற்கெனவே பழகியிருந்தது, கண்ணுக்கு மட்டும் ஒன்று தேவைப்பட்டது. எஸ்டோனியாவில் பாழடைந்த கட்டடங்கள், அதன் நடுவே முகமூடியும் ஹூடியும் போட்ட ஒருவன் நடந்து போகிறான். அந்த வேடத்தில் இருப்பது வாக்கர் இல்லை, வேறொருவர். எனக்குப் பிடித்த விஷயமே அதுதான், அந்த உடையை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ரசிகர்கள் போட்டுக்கொண்டார்கள், தங்களை வாக்கர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். அந்த வீடியோ 300 கோடி பார்வைகளைத் தாண்டிவிட்டது. அடுத்தடுத்த வீடியோக்களிலும் அந்த உடையையும் சின்னத்தையும் அவர் விடவில்லை. நீங்கள் எடுத்திருப்பது ஒன்றே ஒன்று, அதிலும் உங்களுடையது என்று சொல்ல ஒன்றுமில்லை என்றால் அந்தப் பையன் எதை வைத்து உங்கள் பெயரை ஞாபகம் வைப்பான்?

தெற்கு_லண்டன்:

தம்பி, முகமூடிதான் வழி என்று மட்டும் நினைக்க வேண்டாம். நேரெதிராகவும் நடந்திருக்கிறது. த ப்ராடிஜி என்ற இங்கிலாந்து டான்ஸ் மியூசிக் குழுவில் இசையைச் செய்தவர் லியம் ஹவ்லெட். கீத் ஃபிளின்ட் முதலில் மேடையில் ஆடுகிறவராகத்தான் இருந்தவர். 1996ல் "ஃபயர்ஸ்டார்ட்டர்" அவர் குரலில் வந்தது. லண்டன் பாதாள ரயிலின் பாவிக்காத சுரங்கம் ஒன்றில் கறுப்பு வெள்ளையில் எடுத்த வீடியோ. பிள்ளைகள் பயந்துவிட்டார்கள் என்று ரீவிக்குப் புகார்கள் போயின. அந்தத் தலைமயிரையும் முழியையும் பார்த்த பிறகு அந்தக் குழுவுக்கு வேறு முகமே இல்லை என்றாகிவிட்டது.

மற்றது எங்கட மாயா, எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுகிறவர். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அகதியாக லண்டன் வந்து, கலைக் கல்லூரியில் படித்தவர். முதல் பாட்டான "கலாங்" வீடியோவில் அவருக்குப் பின்னால் ஓடும் படங்கள் எல்லாம் அவரே வெட்டி நிறமடித்த ஸ்டென்சில்கள். புலி, குண்டு, பனை. காசு கனக்க இல்லை, அவர் ஆடுகிறார், பின்னால் சுவர் மாறிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் வேறு யாரும் அந்தச் சுவரைக் கீறியிருக்க முடியாது. முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் பெயர், இரண்டாவதுக்கு அம்மாவின் பெயர். 2012ல் மொரோக்கோவில் எடுத்த "பேட் கேர்ள்ஸ்" பெரிய செலவு, இரண்டு சில்லில் சரிந்து ஓடும் கார்கள், ஓடுகிற காரின் மேல் அவர் இருந்துகொண்டு நகத்தை அராவுகிறார். செலவு கூடினாலும் ஆள் அதே ஆள். நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு இருபது வயது, எங்கட பெயரை மற்றவர்கள் சரியாக உச்சரிப்பதில்லை என்று கூச்சப்பட்டுத் திரிந்த காலம். அந்தப் பனையைப் பார்த்தவுடன் எனக்குள் என்னவோ நிமிர்ந்தது.

கட்_டு_கட்:

நான் எடிட்டர். ஒரு லேபிளுக்காக (பாட்டு வெளியிடும் கம்பெனி) பத்துப் பன்னிரண்டு வீடியோ வெட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் "அந்த மாதிரி வேண்டும்" என்று யாரோ ஒருவர் வீடியோவைக் காட்டுவார்கள். அந்த மாதிரியே வெட்டிக் கொடுப்போம், அதுவும் காணாமல் போகும். உங்கள் நியான் வீடியோவும் அப்படித்தான் பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான், ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். கெமிக்கல் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் இரட்டையரின் "ஸ்டார் கிட்டார்", 2002, இதுவும் கோன்ட்ரிதான். ரயில் ஜன்னலிலிருந்து பார்க்கும் காட்சி, வேறு எதுவும் கிடையாது. முதல் தடவை சும்மா ரயில் போகிறது என்றுதான் நினைப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் கவனித்தால் கிக் (தாளத்தின் கனமான டிரம் அடி) விழும்போதெல்லாம் ஒரு கம்பம் கடக்கிறது, வேறொரு சத்தத்துக்கு ஒரு கட்டடம், சத்தம் கூடக் கூட வெளியே ஊர் நெரிசலாகிறது. படம் எடுப்பதற்கு முன் அந்த மனிதர் எந்த நொடியில் எது வர வேண்டும் என்று கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகக் குறித்துவைத்தார். தாளும் பென்சிலும் உங்களிடமும் இருக்கிறது. டிராக்கில் எத்தனை சத்தம் இருக்கிறது என்று எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் கண்ணில் படும் பொருள் ஒன்று. அந்தப் பொருள் கடையில் வாடகைக்குக் கிடைப்பதாக இருக்கக்கூடாது.

ஒரு கேள்வி. பகலில் என்ன வேலை செய்கிறீர்கள்?

இரவு_ஷிப்ட்:

பகலில் இல்லை, இரவில். திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட்டில் நைட் ஷிப்ட் பார்க்கிறேன், பெயரும் அதனால்தான். கட்_டு_கட் கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு நேற்று ஷிப்டில் மெஷின் முன்னால் நின்று வேறு கண்ணோடு பார்த்தேன்.

வட்ட மெஷின். சுற்றிலும் நூல் கோன்கள், நடுவில் சிலிண்டர் சுழன்றுகொண்டே இருக்கும், துணி குழாய் மாதிரி கீழே இறங்கி ரோலில் சுற்றும். என் டிராக்குகளில் பாதிக்கு ஹைஹாட்டே (டிரம்மில் 'டிக் டிக்' என்று வரும் தாளத் தட்டு) அந்த ஊசிச் சத்தம்தான், போனில் பதிவு செய்து வெட்டி எடுத்தது. மூன்று வருடமாக அதைக் காதில் வைத்துக்கொண்டு, வீடியோவுக்கு மட்டும் நியான் தேடிப் போயிருக்கிறேன்.

எங்கள் மெஷின் ஒன்று நிமிடத்துக்கு 30 சுற்று ஓடுகிறது. டிராக்கை 120 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 120 அடியில் வைத்தால் ஒரு சுற்றுக்குச் சரியாக நாலு கிக். வினைல் சொன்ன வட்ட மேடை கண் முன்னாலேயே சுழல்கிறது. கிக்குக்குக் கறுப்பு நூல், பேஸுக்கு நீலம், குரல் வரும்போது மட்டும் ஒரே ஒரு மஞ்சள் கோன் என்று யோசித்து வைத்திருக்கிறேன். பாட்டு முடியும்போது அந்தப் பாட்டே துணியாகக் கீழே வந்திருக்கும். அடுத்த டிராக்குக்கு அடுத்த ரோல். என் முகம் வேண்டாம், நூல் மாற்றும் கை மட்டும் போதும் என்று தோன்றுகிறது.

முதலாளியிடம் கேட்டேன். ஆர்டர் இல்லாத ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு மெஷினைத் தருகிறேன், நூல் காசு மட்டும் கொடு என்றார். துணியில் நிறக் கோடு எவ்வளவு அகலம் வந்தால் கேமராவில் தெரியும் என்று கட்_டு_கட் சொல்ல முடியுமா?

கட்_டு_கட்:

இரண்டு விரல் அகலம் குறையாமல் வையுங்கள். லைட் பக்கவாட்டில் இருந்து, ஒன்று போதும். கேமராவின் ஷட்டர் வேகத்தை முதலில் சோதித்துப் பாருங்கள், டியூப் லைட்டுக்குக் கீழே படம் துடிக்கும், இங்கே கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் அடங்கும். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன், ஈரோட்டில்தான் இருக்கிறேன்.