எல்டிஎஸ் கெர்னல் வந்ததும் போட்டுவிடலாமா?

முனையம்: "எல்டிஎஸ் கெர்னல், அதாவது நீண்டகால ஆதரவு கொண்ட லினக்ஸ் மையநிரல், என்றால் யோசிக்கவே வேண்டாம், வந்ததும் போட்டுவிடலாம்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எரிச்சலாக வருகிறது. 2023 நவம்பர் 28 அன்று வந்த 6.1.64 மறந்துவிட்டதா? இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமைக்கான ஒரு பேட்ச்சை, அதாவது நிரல் திருத்தத்தை, 6.1 எல்டிஎஸ் கிளைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குத் துணையான இன்னொரு பேட்ச் 6.5-ல்தான் இருந்தது, அதை விட்டுவிட்டார்கள். நினைவகத்தில் தேக்காமல் நேரே வட்டில் எழுதும் டைரக்ட் ஐஓ-வில் எழுதினால் கோப்பு கெட்டது. கெர்னலின் முதன்மைக் கிளையான மெயின்லைனில் இந்தப் பிழையே இல்லை.

கற்பாறை: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே கேட்கலாம். இந்தப் பிழைக்காக டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் 12.3-ஐ நிறுத்திவிட்டு மறுநாளே 12.4 கொடுத்தார்கள். ஒரே நாள்! இதற்கா இத்தனை கூச்சல்?

முனையம்: ஒரே நாளா? சரிசெய்த 6.1.66 வந்தது டிசம்பர் 8. எண்ணிப் பாருங்கள். டேட்டாபேஸ்கள்தான் டைரக்ட் ஐஓ-வை அதிகம் நம்புகின்றன, அடி வாங்குவது அவைதான். மெயின்லைனில் இந்தப் பிழை இல்லை. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

தென்றல்77: உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பின் எல்டிஎஸ் பதிப்பைப் பல வருடமாக ஓட்டுகிறேன். ஒன்றும் ஆகவில்லை.

கற்பாறை: கேட்டுக்கொள்ளுங்கள் முனையம்.

ஈட்டி: நிறுவனங்கள் காசு கட்டி வாங்கும் ரெட் ஹாட் லினக்ஸ் 8-ல் 4.18 கெர்னல் ஓடுகிறது. கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் பார்த்துக்கொள்ளும் எல்டிஎஸ் பட்டியலில் 4.18 கிடையவே கிடையாது. தேவையான பேட்ச்களை ரெட் ஹாட்காரர்களே பார்த்துப் பார்த்துச் சேர்க்கிறார்கள். அதுதான் வேலை.

கற்பாறை: காசு கட்டுகிறவர்கள் பேசலாம். எங்களுக்கு கெர்னலை இலவசமாக வெளியிடும் கெர்னல்.ஆர்க் தளம் போதும்.

 

முனையம்: அந்த எல்டிஎஸ் கெர்னல்களுக்கு ஆதரவு 6 வருடம் என்றார்கள், 2023-ல் 2 வருடம் என்று குறைத்தார்கள். ஏன்? பராமரிப்பவர்கள் களைத்துப்போனார்கள், பழைய கிளைகளைப் பயன்படுத்துகிறவர்களும் குறைவு. அந்தக் களைப்பில்தான் துணை பேட்ச் விடுபடுகிறது.

கற்பாறை: இது உங்கள் கற்பனை. களைப்பால்தான் விடுபட்டது என்று யார் சொன்னார்கள்?

முனையம்: இந்தப் பிழை மெயின்லைனில் இருந்ததா, இல்லையா?

கற்பாறை: மெயின்லைனில் வேறு ஆயிரம் இருக்கும். அதை எடுத்து உங்கள் சர்வரில் போடுவீர்களா?

முனையம்: போடச் சொல்லவில்லை. சோதிக்காமல் போடாதே என்கிறேன். நேராகவே கேட்கிறேன், 6.1.64-ஐ வந்த அன்றே போட்டவருக்கு என்ன சொல்வீர்கள்?

கற்பாறை: பேக்கப் எடுத்திருக்க வேண்டும் என்பேன்.

ஈட்டி: கெட்டுப்போன கோப்பையே பேக்கப் எடுத்தால்?