சோடியம் சீறுது, லித்தியம் ஏன் சும்மா இருக்கு?

உப்பளத்தான்: ஊர் வாலிநோக்கம், பிளஸ் டூ. எங்கள் பாத்தித் தண்ணீரில் அவ்வளவு சோடியம் இருந்தும் ஒன்றும் ஆவதில்லை, லேபில் மட்டும் துணுக்கைப் போட்டதும் உருண்டையாகித் தண்ணீர்மேல் சீறி ஓடுகிறது. லித்தியம் மெதுவாகத்தான் நுரைக்கிறது. மின்முனை அழுத்தம் (எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் நாட்டத்தைக் காட்டும் எண், எதிர்க்குறியில் பெரிதானால் நாட்டம் அதிகம்) -3.04 வோல்ட் லித்தியத்துக்குத்தானே, அதுவல்லவா முந்த வேண்டும்?

தொண்டிக்காரன்: தம்பி, பாத்தியில் இருப்பது சோடியம் அயனி. எலக்ட்ரானை எப்போதோ கொடுத்தாச்சு, இனி கொடுக்க என்ன இருக்கு?

மண்டபம் வாத்தியார்: அந்த வோல்ட் ஆற்றல் கணக்கு, வேகக் கணக்கு இல்லை. லித்தியம் அயனி சின்னது, தண்ணீர் மூலக்கூறுகள் அதை இறுக்கிச் சூழும்போது நிறைய ஆற்றல் வெளிவரும், எண் பெரிதாவது அதனால்தான். வேகத்துக்கு உருகுநிலையையும் பாருங்கள்: சோடியம் 98 டிகிரியில், வினையின் சூட்டிலேயே உருகி, புதுப் பரப்பைக் காட்டிக்கொண்டே இருக்கும், லித்தியத்துக்கு 180 வேண்டும், கட்டியாகவே கிடக்கும். பொட்டாசியம் 63-லேயே உருகிவிடும், ஹைட்ரஜனும் பற்றி இளம் ஊதாவாக எரியும்.

தொண்டிக்காரன்: அப்புறம், சோடியத்தைக் காற்றுப் படாமல் மண்ணெண்ணெயில் மூழ்க வைப்பார்கள்; லித்தியம் மண்ணெண்ணெயிலும் மிதக்கும், அதனால் பாரஃபின் மெழுகு பூசி வைப்பார்கள். நம் கடற்கரை ஈரக்காற்றில் சோடியத்தை வெட்டினால் பளபளப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும்.

உப்பளத்தான்: சரி சார், புரிந்தது.