ஆர்டர் இல்லாத பேட்ச் சரித்திரமா, டெய்லர் கடை சரக்கா?

முரளி_தஞ்சை: வியட்நாம் போர்ல அமெரிக்க சிப்பாய்ங்க அங்கங்க லோக்கல் டெய்லர்கிட்ட மண்டையோடு, நக்கல் வாசகம்லாம் தச்சு மாட்டிக்கிட்டாங்களே, அதையெல்லாம் யூனிட் பேட்ச்னு (படைப்பிரிவ காட்ட சட்டைல தைக்கிற துணிச் சின்னம்) சேத்து வைக்கிறது எனக்கு ஒத்து வரல. ராணுவ மேலிடம் ஆர்டர் போட்டு ஒத்துக்கிட்டாதான் பேட்ச், இல்லன்னா வெறும் துணி.

பழையபட்டாளம்: அப்போ அமெரிக்காவோட முதல் தோள் பேட்ச்சே வெறும் துணிதான் முரளி. 1918ல 81வது டிவிஷன் காட்டுப்பூனை படத்த தோள்ல தச்சுக்கிட்டு பிரான்ஸ் போய் இறங்கினப்ப எந்த ஆர்டரும் கிடையாது, மத்த டிவிஷன்காரன்லாம் இவனுங்களுக்கு மட்டும் என்னன்னு கேக்க, கடைசில அக்டோபர்ல மேலிடம் ஒத்துக்கிச்சு, அதுக்கப்புறம் எல்லாரும் ஆளுக்கொண்ணு வச்சிக்கிட்டாங்க.

முரளி_தஞ்சை: ஒத்துக்கிச்சுல்ல, அதான் நானும் சொல்றேன். ஒத்துக்கிட்டதுக்கு ரெக்கார்ட் இருக்கு.

ரேவதி: ரெக்கார்ட நம்பி போனா 1944ல ஹிட்லர் ஆளுங்க ஏமாந்த மாதிரிதான் ஏமாறணும் 😄 பிரான்ஸோட நார்மண்டி கடற்கரைல நேச நாட்டுப் படை இறங்குறதுக்கு முன்னாடி, ஜெர்மன்காரன திசைதிருப்ப இல்லாத டிவிஷனுக்கெல்லாம் முறைப்படி பேட்ச் டிசைன் பண்ணி நெஜமாவே தயாரிச்சாங்க. பேட்ச் இருக்கு, ரெக்கார்ட் இருக்கு, ஆள் மட்டும் இல்ல. வியட்நாம்ல ஆள் இருந்தான், பேட்ச் இருந்துச்சு, பேப்பர்தான் இல்ல.

பழையபட்டாளம்: ஒத்துக்கிட்டதும் அப்படியே நிக்காது. 45வது டிவிஷன் பேட்ச்ல பழங்குடி சின்னம்னு சொல்லி மஞ்சள் ஸ்வஸ்திகா இருந்துச்சு, அதிகாரபூர்வமா! நாஜிங்களால பேர் கெட்டதும் 1939ல தூக்கிட்டு பழங்குடிக் கதைல வர்ற இடிப்பறவைய வச்சாங்க, அதே டிவிஷன்தான் 1945ல நாஜிங்களோட டாக்காவ் வதைமுகாம விடுவிக்க போய் நின்னுச்சு.

முரளி_தஞ்சை: கதை நல்லாருக்கு, காசு யாரு குடுக்கறது? ரெண்டாம் உலகப்போர் பேட்ச்னா யுவி லைட் (புற ஊதா விளக்கு) அடிச்சு நூல் பளிச்சுன்னு மின்னினா, அது பின்னாடி வந்த நூல்னு சந்தேகப்படலாம், வியட்நாம் காலத்துல அந்த மாதிரி நூல் ஏற்கனவே வந்தாச்சு, அதனால அந்த டெஸ்ட்டும் உதவாது. டெய்லர் கைல தச்சது ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, எதோட ஒப்பிட்டு பாப்பீங்க? இன்னிக்கும் புதுசா தச்சு, டீத்தண்ணில முக்கி, பழசுன்னு தலைல கட்டுறாங்க.

ரேவதி: அது போலி பிரச்சினைங்க, ஆர்டர் பிரச்சினை இல்ல. அதிகாரபூர்வ பேட்ச்லயும்தான் போலி வருது. சட்டையோட சேத்து, போட்டவரு அப்ப எடுத்த போட்டோவோட வந்தா வாங்குவீங்களா மாட்டீங்களா?

முரளி_தஞ்சை: போட்டோல பேட்ச் தெளிவா தெரியணும்.

பழையபட்டாளம்: ஆக ஆர்டர் காப்பி கேக்கல, போட்டோ கேக்குறீங்க 😀

முரளி_தஞ்சை: யோவ் பூனைய மட்டும் ஒத்துக்குறேன், மண்டையோட்ட இல்ல.