வளைகாப்பைக் காட்டாத குறும்படங்கள்: பதின்பருவக் கர்ப்பம் குறித்த ஓர் அனுபவப் பகிர்வு

கிராமச் சுகாதாரச் செவிலியர், தருமபுரி மாவட்டம்

சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை, தடுப்பூசிப் பணி முடிந்த பிற்பகலில், நகரத்துக் கல்லூரி மாணவர்கள் சிலர் எங்கள் ஊர் அங்கன்வாடிக் கூடத்தில் தாங்கள் எடுத்த பன்னிரண்டு நிமிடக் குறும்படம் ஒன்றைத் திரையிட்டார்கள். வளரிளம் பெண்கள் முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். படத்தில் பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி காதல் வயப்படுகிறாள். நாள் தள்ளிப் போகிறது. மருந்துக் கடையில் தயங்கித் தயங்கிப் பரிசோதனை அட்டை வாங்குகிறாள். தாய்க்குத் தெரிந்து அடி விழுகிறது. கடைசியில் அவள் கிணற்றங்கரையில் நிற்க, திரை இருண்டு, பெற்றோர் தம் பெண் பிள்ளைகளைக் கண்காணிக்க வேண்டும் என்னும் வாசகம் எழுகிறது. எடுத்த பிள்ளைகள் நல்ல நோக்கத்தோடுதான் எடுத்திருந்தார்கள். அதில் எனக்கு ஐயமில்லை.

படம் முடிந்ததும் யாரும் பேசவில்லை. பின்வரிசையில், ஏழு மாத வயிற்றோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பதினாறு வயதுப் பெண் மட்டும் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அக்கா, அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகலைன்னுதானே எல்லாரும் அழறாங்க? எனக்குத்தான் ஆயிடுச்சே?" தன் நிலையில் துயரப்பட ஒன்றுமில்லை என்று அந்தப் படம் அவளுக்குச் சொல்லியிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைய பரிசோதனையில் அவளுடைய ஹீமோகுளோபின் 7.8 கிராம். கர்ப்பிணிக்குக் குறைந்தது 11 கிராமாவது இருக்க வேண்டும்.

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கர்ப்பிணிகளின் பெயரைப் பதிவு செய்து வருகிறேன். பள்ளிச் சீருடையோடு, யாருக்கும் தெரியாமல் அழுதுகொண்டு என்னிடம் வந்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லோரும் மாமியாரோடு, மஞ்சள் கயிற்றோடு, தலை நிறையப் பூவோடு வந்தவர்கள். வயதைக் கேட்டால் அந்தப் பெண் வாய் திறப்பதற்குள் உடன் வந்தவர் "பத்தொன்பது முடிஞ்சிடுச்சு" என்பார். ஆதார் அட்டை வேறொன்று சொல்லும். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 6.3 விழுக்காட்டினர் ஏற்கெனவே தாயாகவோ கர்ப்பிணியாகவோ இருந்தார்கள். 2015-16 கணக்கெடுப்பில் இது 5 விழுக்காடு. நாடு முழுவதற்குமான அளவு அதே காலத்தில் 7.9இலிருந்து 6.8ஆகக் குறைந்தபோது நம் மாநிலத்தில் ஏறியிருக்கிறது. இந்தப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் மணமானவர்கள். அவர்களுடைய கர்ப்பத்தில் மறைக்க எதுவும் இல்லை. ஊர் கூடி வளைகாப்பு நடத்துகிறது.

ஏன் இவ்வளவு சீக்கிரம் கட்டிக் கொடுக்கிறீர்கள் என்று தாய்மார்களைக் கேட்டால் வறுமையை முதலில் சொல்வார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால் வேறு காரணம் வெளியே வரும். வயதுக்கு வந்த பெண்ணை விட்டுவிட்டுச் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் எப்படி வெளியூர் போவது என்ற கவலை ஒன்று. வேறு சாதிப் பையனோடு போய்விடுவாளோ என்ற அச்சம் இன்னொன்று, இதுதான் பெரிது. பக்கத்து ஊரில் ஒரு பெண் அப்படிப் போய்விட்டாள் என்ற செய்தி வந்த மாதங்களில் எங்கள் ஊரில் இரண்டு மூன்று திருமணங்கள் அவசர அவசரமாகக் குலதெய்வக் கோயிலில் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். "பிள்ளைகளைக் கண்காணியுங்கள்" என்று முடிகிற ஒரு படம் அந்தத் தாய்மாரின் காதில் எப்படி விழும் என்று எண்ணிப் பாருங்கள். இன்னும் சீக்கிரம் கட்டிக் கொடு என்றுதான் விழும். இதுபோன்ற படங்களைத் திரையிட்டவர்களும் எடுத்தவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும்.


குறும்பட இயக்குநர், மதுரை

செவிலியர் அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்தபோது என்னுடைய முதல் படத்தைத்தான் சொல்கிறீர்களோ என்று நினைத்தேன். காட்சித் தொடர்பியல் படித்த இறுதியாண்டில் ஒன்பது நிமிடப் படம் ஒன்று எடுத்தேன். அதிலும் சீருடை, அதிலும் வாந்தி, அதிலும் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுகை. கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் பரிசும் கிடைத்தது. பின்னர் படத்தொகுப்பை மறுபடி ஓட்டிப் பார்த்து நேரத்தைக் கணக்கிட்டேன்: அந்தப் பெண்ணின் முகம் ஆறரை நிமிடம் திரையில் இருந்தது, அவளைக் கர்ப்பமாக்கிய இளைஞன் நாற்பது விநாடிகூட இல்லை. அவன் என்ன ஆனான் என்று எழுத வேண்டும் என்ற எண்ணமே எனக்குத் தோன்றவில்லை.

குறும்படம் எடுப்பவர்கள் ஏன் இந்த ஒரே கதைக்குத் திரும்பத் திரும்பப் போகிறோம் என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று உண்டு. பத்து நிமிடத்துக்குள் ஒரு கதை நகர வேண்டுமானால் அதில் ஒரு இரகசியம் இருப்பது வசதியானது. இரகசியம் இருந்தால் பதற்றம் இருக்கும். வெளிப்பட்டால் உச்சம் இருக்கும். சாவில் முடித்தால் பார்ப்பவர் கண் கலங்கும். ஊரறிய நடந்த திருமணத்தில் இந்த மூன்றும் கிடைப்பதில்லை என்பதால் அதில் கதை இல்லை என்று நினைத்துவிட்டோம். தற்கொலையில் முடிப்பதை நான் இப்போது பெரும் பிழையாகவே கருதுகிறேன். அதே நிலையில் ஒரு பெண் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தால், அவளுக்கு நான் காட்டிய ஒரே வழி கிணறு.

இரண்டாவது படத்துக்காகத் தேனிப் பக்கம் ஒரு ஊரில், உறவினர் வீட்டு வளைகாப்பு ஒன்றுக்குப் போயிருந்தேன். அந்தப் பெண்ணின் வயதைப் பற்றி அங்கு யாரும் பேசவில்லை. வளையல்காரர் பெட்டியைத் திறந்து இரண்டு-ஆறு அளவை எடுத்தார். கையில் தொளதொளவென்று கழன்று விழுந்தது. இரண்டு-நான்கை எடுத்தார்; அதுவும் நிற்கவில்லை. பெட்டியின் அடியில் துழாவி இரண்டு-இரண்டு அளவில் ஒரு கொத்து எடுத்துக்கொண்டு, "இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஆண்டு விழாவுக்கு வாங்குற அளவு" என்றார். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். இந்தக் காட்சியை அப்படியே படத்தில் வைத்தேன். நடித்தவர் இருபது வயது கடந்தவர். சிறுமி ஒருத்தியைக் கர்ப்பிணி வேடத்தில் நடிக்க வைக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். அதனால் முகத்தைக் குறைத்துக் கைகளையே அதிகம் காட்டினோம். கைகள் மட்டும் வேறொரு சிறுமியுடையவை.

ஊர்களில் இந்தப் படத்தைக் காட்டும்போது, அந்தச் சிரிப்பு வரும் இடத்தில் பார்வையாளர்களில் மூத்த பெண்களும் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு படத்தில் சிரிப்பு அடங்கி, சந்தனம் பூசிய அந்தக் கைகளின்மேல் காட்சி நிலைத்து நிற்கும்போது கூடத்தில் ஓசை இல்லாமல் போகிறது. எந்த வசனமும் தராத அமைதி அது. முதல் படத்துக்குக் கைதட்டினார்கள். இதற்குக் கைதட்டுவதில்லை, ஆனால் படம் முடிந்த பிறகு பேசுகிறார்கள்.


வழக்கறிஞர், சேலம்

குறும்படங்களில் சட்டம் காட்டப்படும் முறை பற்றி மட்டும் சொல்கிறேன். குழந்தைகள் நலக் குழுவின் முன் வரும் பெண்களோடு பல ஆண்டுகளாகப் பேசி வருகிறேன்.

பெரும்பாலான படங்களில் கருக்கலைப்பு என்றாலே இருட்டறையும் போலி மருத்துவரும்தான். 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்தில் 2021இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், 18 வயது நிறையாத பெண் பாதுகாவலரின் எழுத்துமூல ஒப்புதலோடு 24 வாரம் வரை சட்டப்படி சிகிச்சை பெறலாம் என்பதை ஒரு படமாவது சொல்லியிருந்தால், காலம் தாழ்ந்து வந்த சிலரேனும் முன்பே வந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்படி, சிறுமியின் கர்ப்பம் பற்றி மருத்துவர் காவல் துறைக்குத் தகவல் தந்தாக வேண்டும். தராவிட்டால் தண்டனை உண்டு. இந்த அச்சத்தில்தான் குடும்பங்கள் மருத்துவமனைக்கே வராமல் இருந்துவிடுகின்றன. ஆனால் கருக்கலைப்புக்காக வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளிப்படுத்த வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

மணமான சிறுமிகளின் நிலை இதைவிடச் சிக்கலானது. 18 வயது நிறையாத மனைவியுடனான உறவும் குற்றமே என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே பிரசவத்துக்கு வந்த இடத்தில் கணவன் கைது செய்யப்படுவதும், நிறைமாதப் பெண் இரு வீட்டாராலும் "உன்னால்தான்" என்று ஏசப்படுவதும் நடக்கிறது. திருமணத்தை முடிவு செய்த பெரியவர்கள் பெரும்பாலும் சட்டத்தின் கைக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், திருமணத்தை நடத்தியவர்களையும் அனுமதித்த பெற்றோரையும் தண்டிக்க வழி செய்கிறது. அதே சட்டம், அந்தப் பெண் தனக்கு இருபது வயது நிறையும் வரை அத்திருமணத்தை நீக்கக் கோரி மனுச் செய்யும் உரிமையையும் தருகிறது. என்னிடம் வந்த பெண்களில் ஒருவருக்குக்கூட இது முன்பே தெரிந்திருக்கவில்லை.

இயக்குநருக்கு ஒரு வேண்டுகோள். "உண்மைச் சம்பவம்" என்று போட்டுவிட்டு ஊர், பள்ளி, தெரு ஆகியவற்றைக் காட்டுகிற படங்களைப் பார்த்திருக்கிறேன். போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு பெயரை மட்டும் காக்கவில்லை. குடும்பம், பள்ளி, வசிக்கும் பகுதி என அந்தக் குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது. யூடியூபில் ஏற்றும் குறும்படக்காரர்களும் இதை மனத்தில் வைக்க வேண்டும்.


அரசுப் பள்ளி ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

எங்கள் பள்ளியில் இப்படி ஒரு படத்தைத் திரையிட்டபோது மாணவிகள் மட்டும் கூடத்துக்கு வந்தால் போதும் என்று முடிவு செய்யப்பட்டது. மாணவர்கள் விளையாட்டுத் திடலுக்கு அனுப்பப்பட்டார்கள். நான் அப்போது மறுத்துப் பேசவில்லை. அதற்காக இன்றும் வருந்துகிறேன். படம் ஓடிக்கொண்டிருந்தபோது சன்னலுக்கு வெளியே மூன்று மாணவர்கள் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அவர்களைக் கடிந்துகொள்ளாமல், என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், தன் அக்காவுக்கு அடுத்த மாதம் நிச்சயம் என்றும், அவள் பதினொன்றாம் வகுப்பு என்றும், இதை யாரிடம் சொன்னால் தன் பெயர் வெளியே வராது என்றும் கேட்டான். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கரும்பலகையில் எழுதியிருந்தோம். ஆனால் அதை மாணவிகள் மட்டுமே இருந்த கூடத்தில் எழுதியிருந்தோம்.

நிச்சயம் நின்றது. அதற்குப் பிறகு நான் பொறுப்பேற்ற எந்தத் திரையிடலிலும் மாணவர்களை வெளியே அனுப்பியதில்லை.


உறுப்பினர், தேனி மாவட்டம்

எனக்குப் பதினேழு வயதில் முதல் குழந்தை பிறந்தது. இப்போது முப்பத்தைந்து ஆகிறது. இந்த வகைக் குறும்படங்கள் சிலவற்றைக் கைபேசியில் பார்த்திருக்கிறேன். எல்லாமே பிரசவத்துக்கு முன்பே முடிந்துவிடுகின்றன. எனக்கு எல்லாம் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

குழந்தை இரண்டு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்தது. எப்படித் தூக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. பகலில் மாமியார் இல்லாத நேரத்தில் குழந்தை அழுதால் நானும் சேர்ந்து அழுவேன். ஐந்து ஆண்டுகள் கழித்துத் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினேன். அப்போது இரண்டாவது குழந்தைக்கு நான்கு மாதம். கணக்குத் தேர்வில் பால் கட்டி ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுதி முடித்தேன். தேர்வறையில் கண்காணிப்பாளராக இருந்த அம்மையார் எதுவும் கேட்காமல் என் பக்கத்து மின்விசிறியைப் போட்டுவிட்டு நகர்ந்தார். அப்படி ஒருவர் எனக்குப் பதினாறு வயதில் கிடைத்திருக்கலாம் என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். இயக்குநர் தம்பி, அடுத்த படம் எடுத்தால் இந்த இடத்தை எடுங்கள். என் பெயர் வேண்டாம்.


கிராமச் சுகாதாரச் செவிலியர், தருமபுரி மாவட்டம்

எழுதிய அனைவருக்கும் நன்றி. இயக்குநர் தன் இரண்டாவது படத்தை அனுப்பிவைத்தார். வரும் புதன்கிழமை தடுப்பூசிக்குப் பின் அதே அங்கன்வாடிக் கூடத்தில் திரையிடுகிறோம். வழக்கறிஞர் அம்மா சொன்ன செய்திகளை, படம் முடிந்ததும் நானே எழுந்து சொல்வதாக இருக்கிறேன். ஆசிரியை சொன்னதை மனத்தில் கொண்டு ஊர் இளைஞர்களையும் அழைத்திருக்கிறேன்.

அன்று பின்வரிசையிலிருந்து கேள்வி கேட்ட பெண்ணுக்கு இரத்தம் ஏற்றி, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பிரசவம் ஆனது. பெண் குழந்தை, எடை 2 கிலோ 100 கிராம், இப்போது நன்றாக இருக்கிறது. வளையல் காட்சியைப் பற்றி அவளிடம் சொன்னேன். சற்று நேரம் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "மாமியாரையும் கூட்டிக்கிட்டு வரட்டுமா அக்கா, அவங்களுக்கு முன்வரிசையில இடம் போடுவீங்களா?" என்று கேட்டாள். மாமியார்கள் வருவதாக இருந்தால் எங்கள் கூடத்து நாற்காலிகள் போதாது என்பதால், ஊராட்சி அலுவலகத்தில் இருபது நாற்காலி கேட்டிருக்கிறேன்.